சியேனா: கதைகள் கட்டியதும் இடித்ததும்

பள்ளிப் பிள்ளைகளின் வண்ணப் பெட்டியைத் திறந்து பார்த்தால் செங்காவி நிறத்தில் ஒரு குழாய் இருக்கும். அதன் மேல் 'பர்ன்ட் சியன்னா' என்று பெயர் போட்டிருக்கும். அது இத்தாலியில் உள்ள ஓர் ஊரின் பெயர். அந்த வட்டாரத்தில் வெட்டியெடுத்த மண்ணைச் சுட்டுத்தான் பழைய ஓவியர்கள் அந்த நிறத்தைத் தயாரித்தார்கள். ஊரின் பெயர் நிறத்திற்கும் நிலைத்துவிட்டது.

சியேனா என்னும் அந்த ஊர் தஸ்கனி மாநிலத்தில், புளோரன்ஸ் நகருக்குத் தெற்கே, மூன்று குன்றுகளின் மேல் அமைந்திருக்கிறது. செங்கல் வீடுகள், ஏறி இறங்கும் குறுகலான சந்துகள், சுற்றிலும் பழைய மதில். 1995ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதன் பழைய நகரப் பகுதியை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. ரோம், வெனிஸ், புளோரன்ஸ் என்று சுற்றுலா போகிறவர்களில் பலர் அரை நாள் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஊர் இது.

இங்கே எதைத் தொட்டாலும் ஒரு கதை இருக்கிறது. தண்ணீருக்கு ஒரு கதை, மருத்துவமனைக்கு ஒரு கதை, ஊரின் சாவிக்கு ஒரு கதை. பழைய ஊர்களின் கதைகளைக் கேட்பவர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது உண்மையா? அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிதான் விளங்கும். அந்தக் கதையை நம்பிய மக்கள், நம்பி என்ன செய்தார்கள்? இந்த இரண்டாவது கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சியேனாவைப் பார்த்தால், அதன் கலையும் வரலாறும் சேர்ந்தே விளங்கும்.

ஓநாயின் பிள்ளைகள்

முதலில் ஊர் பிறந்த கதை. ரோமுலஸ், ரீமஸ் என்னும் இரட்டையர்களுக்கு ஒரு பெண் ஓநாய் பால் கொடுத்து வளர்த்தது என்பது ரோமாபுரியின் கதை. பிறகு ரோமுலஸ் தன் உடன்பிறந்த ரீமசைக் கொன்றான். ரீமசின் பிள்ளைகள் செனியஸ், அஸ்கியஸ் இருவரும் பெரியப்பனுக்குப் பயந்து, ஒருவன் வெள்ளைக் குதிரையிலும் மற்றவன் கறுப்புக் குதிரையிலும் ஏறித் தப்பி வந்தார்கள். வரும்போது அப்போலோ கோயிலில் இருந்த ஓநாய்ச் சிலையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் அமைத்த ஊர்தான் சியேனா என்பது கதை. ஊரின் சின்னம் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. பேராலயத்தின் தூண்களிலும் வெள்ளையும் கறுப்புமாகப் பளிங்குப் பட்டைகள். தெருமுனைகளில் கல்தூண்களின் மேல் ஓநாய்ச் சிலைகள்.

வரலாற்றில் இதற்கு ஆதாரம் இல்லை. எத்ருஸ்கர்கள் என்னும் பழங்குடியினர் வாழ்ந்த இடத்தில், அகஸ்டஸ் பேரரசர் காலத்தில் ரோமானியர் அமைத்த ஒரு சிறு குடியேற்றம் இது. இரட்டையர் கதை மிகவும் பிந்திய காலத்தில் உருவானது. பக்கத்து ஊரான புளோரன்ஸ், தான் ரோமாபுரியின் மகள் என்று பெருமை பேசியது. ரீமசின் பிள்ளைகள் நாங்கள் என்று சியேனா பதில் சொன்னது. போட்டியில் பிறந்த கதை என்றாலும் அதற்குள் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. உடன்பிறந்தவன் கையால் கொலையுண்டவனின் பிள்ளைகள் என்று ஓர் ஊர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. உட்பகை என்ன செய்யும் என்பது அதற்குப் பிறவியிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்ததா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

கிடைக்காத ஆறு

அடுத்தது தண்ணீர்க் கதை. குன்றின் மேல் இருக்கும் ஊருக்கு ஆறு கிடையாது. புளோரன்சுக்கு ஆர்னோ ஆறு இருந்தது. கம்பளி நெய்யவும் சாயம் போடவும் தோல் பதனிடவும் தண்ணீர் வேண்டும். சியேனா மக்களோ மழையையும் ஊற்றையும் நம்பி இருந்தார்கள். ஊருக்கு அடியில், மண்ணுக்குள், டயானா என்று ஓர் ஆறு ஓடுகிறது என்று அவர்களிடையே ஒரு நம்பிக்கை வளர்ந்தது. அதைத் தேடித் தோண்டினார்கள். புளோரன்ஸ் கவிஞரான தாந்தே, இல்லாத டயானா ஆற்றைத் தேடும் வீணர்கள் என்று தம் காவியத்தில் அவர்களைக் கேலி செய்திருக்கிறார்.

டயானா ஆறு கிடைக்கவே இல்லை. ஆனால் தண்ணீர் தேடித் தலைமுறை தலைமுறையாக மண்ணைக் குடைந்ததில் ஊருக்கு அடியில் சுமார் 25 கிலோமீட்டர் நீளத்திற்குச் சுரங்கக் கால்வாய்கள் உருவாயின. போட்டினி என்பது அவற்றின் பெயர். மண்ணில் கசியும் நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, மெல்லிய சரிவில் இறக்கி, ஊரின் ஊற்றுத் தொட்டிகளுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு அது. பம்பு கிடையாது, இயந்திரம் கிடையாது. சரிவு ஒன்றுதான் வேலை செய்கிறது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இதைப் பார்த்துவிட்டு, இந்த ஊர் மேலே இருப்பதைவிடக் கீழே அழகாக இருக்கிறது என்று வியந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு.

வந்து சேர்ந்த நீரைச் செலவழிப்பதிலும் ஒழுங்கு இருந்தது. போன்டேபிராண்டா என்னும் பழைய ஊற்றில் மூன்று தொட்டிகள். முதல் தொட்டி மனிதர்கள் குடிக்க. அது நிறைந்து வழியும் நீர் இரண்டாவது தொட்டிக்கு; அது கால்நடைகளுக்கு. அங்கிருந்து வழிவது துணி துவைக்க. அதன் பிறகும் மிஞ்சியது சாயக்காரர்களுக்கும் தோல் பதனிடுவோருக்கும் போனது. 1340களில் ஊரின் நடுவில் உள்ள காம்போ சதுக்கத்திற்கே தண்ணீர் வந்து சேர்ந்தபோது மக்கள் அந்த ஊற்றுக்குப் 'போன்டே காயா', அதாவது மகிழ்ச்சி ஊற்று என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு ஆளான ஒரு கற்பனை, ஊருக்கே தண்ணீர் கொடுத்தது.

தாய் கண்ட கனவு

மூன்றாவது, மருத்துவமனைக் கதை. சொரோரே என்று ஒரு செருப்புத் தைப்பவர் இருந்தாராம். அவர் பிறக்கும் முன்பே அவருடைய தாய் ஒரு கனவு கண்டாள். கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகள் ஓர் ஏணியில் ஏறிச் சொர்க்கத்திற்குப் போகிறார்கள். மேலே கன்னி மரியாள் அவர்களைக் கைநீட்டி வாங்கிக்கொள்கிறாள். பிள்ளை வளர்ந்து அந்தக் கனவை நிறைவேற்றினான். அதுவே சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனை. ஸ்காலா என்றால் ஏணி, படிக்கட்டு என்று பொருள்.

சொரோரே என்று ஒருவர் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை. மருத்துவமனையைத் தொடங்கியவர்கள் பேராலயத்தின் குருமார்கள். பேராலயத்தின் படிக்கட்டுக்கு எதிரே இருந்ததால்தான் அந்தப் பெயர். ஆனால் கட்டடம் கற்பனை இல்லை. ரோமாபுரிக்கு நடந்து போகும் யாத்திரிகர்களின் பெருவழி சியேனா வழியாகச் சென்றது. நோய்ப்பட்டு வந்தவர்களுக்கு இங்கே கட்டில் கிடைத்தது. வாசலில் விடப்பட்ட குழந்தைகளைப் பால் கொடுக்கும் செவிலித் தாயர்களிடம் கூலி கொடுத்து வளர்த்தார்கள். வளர்ந்த பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். பெண்களுக்குச் சீர் கொடுத்து மணமுடித்து வைத்தார்கள். இவ்வளவுக்கும் தானியம் வேண்டும் என்று ஊருக்கு வெளியே பெரிய பண்ணைகள் வைத்திருந்தார்கள்.

யாத்திரிகர் கூடத்தின் சுவர்களில் 1440களில் தீட்டிய ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. தாயின் கனவை வெக்கியெட்டா என்னும் ஓவியர் 1441ல் வரைந்தார். அதே கூடத்தில் தொமெனிக்கோ தி பார்தோலோ, தொடையில் வெட்டுக்காயம் பட்ட ஒருவனுக்கு மருந்திடும் காட்சியை வரைந்திருக்கிறார். கட்டிலில் படுத்த நோயாளி கண் விழித்தால், தன்னைப் போன்ற நோயாளியைச் சுவரில் பார்ப்பான். நூற்றாண்டுகளாக இயங்கிய இந்த மருத்துவமனையில்தான் 1985ஆம் ஆண்டு செப்டம்பரில் எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ காலமானார். இப்போது அது அருங்காட்சியகம்.

சாவியை வாங்கிக்கொண்ட அன்னை

நான்காவது கதை போர்க்களத்தில் தொடங்குகிறது. 1260ஆம் ஆண்டு, புளோரன்சின் பெரும்படை சியேனாவை நோக்கி வந்தது. அப்போது ஊர்த் தலைவராக இருந்த போனகுய்தா லுக்காரி, காலில் செருப்பில்லாமல், கழுத்தில் கயிற்றோடு, மக்கள் பின்தொடரப் பேராலயத்திற்கு நடந்தார். ஊரின் சாவிகளைக் கன்னி மரியாளின் பீடத்தில் வைத்து, இனி இது உன் ஊர் என்று ஒப்படைத்தார். செப்டம்பர் 4ஆம் நாள் மோன்டபெர்ட்டி என்னும் இடத்தில் போர். சியேனா வென்றது. முந்தின இரவு அன்னையின் வெண்போர்வை படைவீடு முழுவதையும் மூடியதைக் கண்டதாக மக்கள் சொன்னார்கள். இந்த விவரங்களில் பலவும் பிற்கால நாளாகமங்களில் எழுதப்பட்டவை. சிசிலி மன்னன் மான்பிரெட் அனுப்பிய ஜெர்மானியக் குதிரைப்படையும், புளோரன்ஸ் பக்கத்தில் நடந்த துரோகமும் வெற்றிக்குக் காரணங்கள் என்று வரலாறு சொல்கிறது.

ஆனால் சியேனா தன்னை அன்னையின் ஊர் என்றே எண்ணி வாழத் தொடங்கியது. அந்த எண்ணத்திலிருந்து பிறந்தது ஐரோப்பிய ஓவியத்தின் பெரும் படைப்புகளில் ஒன்றான மாயெஸ்தா. பேராலயத்தின் தலைமைப் பீடத்துக்காக அதை வரையும் பணி 1308ல் டூச்சோ என்னும் ஓவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அடங்கி நடக்கும் குடிமகன் அல்ல; ஊருக்குப் பலமுறை அபராதம் கட்டியவர். ஆனால் அவர் கைக்கு இணை இல்லை என்பது ஊருக்குத் தெரியும். முன்பக்கத்தில் அரியணையில் அமர்ந்த அன்னையும் குழந்தையும், சுற்றிலும் வானவர்களும் புனிதர்களும். பின்பக்கத்தில் கிறிஸ்துவின் பாடுகள் சிறுசிறு காட்சிகளாக. நடுப்பலகை மட்டுமே சுமார் 4 மீட்டர் அகலம்.

1311ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் அது முடிந்து கோயிலுக்குப் போனது. அன்று கடைகள் அடைக்கப்பட்டன. மணிகள் ஒலித்தன. ஆட்சியாளர்கள், குருமார்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் கையில் விளக்கேந்தி, ஓவியரின் பட்டறையிலிருந்து பேராலயம் வரை ஊர்வலமாக வந்தார்கள். ஓவியத்தின் அடியில் டூச்சோ ஒரு வேண்டுதலையும் எழுதியிருந்தார். சியேனாவுக்கு அமைதியும், தனக்கு வாழ்வும் வேண்டும் என்பது அதன் சாரம்.

460 ஆண்டுகள் கழித்து, 1771ல், இந்த ஓவியம் பழைய பாணி என்று கருதப்பட்டது. ரம்பம் கொண்டு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அறுத்துப் பிரித்தார்கள். சில துண்டுகள் விற்கப்பட்டு லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தன. 2024ல் நியூயார்க்கிலும் 2025ல் லண்டனிலும் நடந்த சியேனா ஓவியக் கண்காட்சியில், பின்பக்கத்தின் அடிவரிசைப் பலகைகள் இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒன்றாக வைக்கப்பட்டன. பெரும்பகுதி இன்று சியேனாவின் பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆட்சியாளர்கள் முன் ஒரு சுவர்

1287 முதல் 1355 வரை சியேனாவை ஒன்பது பேர் கொண்ட ஒரு குழு ஆண்டது. 'ஒன்பதின்மர்' என்பதே அதன் பெயர். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ஒன்பது பேரும் மாறுவார்கள். பதவியில் இருக்கும்வரை அரண்மனையிலேயே தங்க வேண்டும், வீட்டுக்குப் போகக்கூடாது. அவர்கள் காலத்தில்தான் காம்போ சதுக்கம் செங்கல் பாவப்பட்டு, வெண்கல் கோடுகளால் ஒன்பது பாகங்களாகப் பிரிக்கப்பட்டது. சிப்பி விரிந்ததுபோல் அது இன்றும் தெரிகிறது. அரண்மனையை ஒட்டி, 102 மீட்டர் உயரக் கோபுரமும் எழுந்தது. அதில் மணியடித்த முதல் ஆள் சம்பாதித்ததையெல்லாம் சாப்பிட்டே தீர்த்தவராம். 'தின்னி' என்ற அவருடைய பட்டப் பெயரே கோபுரத்துக்கும் நிலைத்து, இன்றும் அதை மாஞ்சா கோபுரம் என்கிறார்கள்.

1338, 1339ஆம் ஆண்டுகளில் ஒன்பதின்மர் தாங்கள் கூடும் அறையில் ஓவியம் தீட்ட அம்ப்ரோஜோ லொரென்செட்டியை அமர்த்தினார்கள். மூன்று சுவர்களில் அவர் வரைந்தது நல்லாட்சியும் கொடுங்கோலும், அவை ஒவ்வொன்றும் ஊருக்கு என்ன செய்யும் என்பதும்.

ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் நீதி தேவதை தராசோடு அமர்ந்திருக்கிறாள். தராசுத் தட்டுகளிலிருந்து இரண்டு கயிறுகள் இறங்கி வருகின்றன. கீழே ஒற்றுமை என்னும் பெண் அவற்றை ஒரே கயிறாகச் சேர்க்கிறாள். அவள் மடியில் ஓர் இழைப்புளி. மேடுபள்ளத்தைச் சீவிச் சமப்படுத்தத் தச்சர் வைத்திருக்கும் அதே கருவி. அந்தக் கயிற்றை 24 குடிமக்கள் வரிசையாகக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அது பொது நலம் என்னும் முதியவரின் கையில் போய் முடிகிறது. அவர் உடுத்தியிருப்பது ஊரின் கறுப்பும் வெள்ளையும். பக்கத்தில் அமைதி, போர்க்கவசத்தை மெத்தைக்கு அடியில் போட்டுச் சாய்ந்திருக்கிறாள்.

வலப்பக்கச் சுவரில் அதன் பலன். கொத்தனார் சாரத்தில் நின்று சுவர் எழுப்புகிறார். ஆசிரியர் பாடம் சொல்கிறார். செருப்புக் கடை திறந்திருக்கிறது. வீதியில் சிலர் கைகோத்து ஆடுகிறார்கள். மதிலுக்கு வெளியே கதிர் அறுக்கிறார்கள். கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பன்றியை ஒருவர் ஊருக்குள் ஓட்டி வருகிறார். அந்த இனப் பன்றி இன்றும் அங்கே வளர்க்கப்படுகிறது. வயலுக்கு மேலே பறக்கும் 'பாதுகாப்பு' தேவதையின் கையில் ஒரு தூக்குமரமும் இருப்பதை ஓவியர் மறைக்கவில்லை.

இடப்பக்கச் சுவரில் கொம்பும் கோரைப்பல்லும் வைத்த கொடுங்கோலன். நீதி அவன் காலடியில் கட்டிக் கிடக்கிறாள். பிரிவினை என்னும் பெண் கையில் ரம்பம் வைத்துத் தன்னையே அறுத்துக்கொள்கிறாள். அவள் உடையின் ஒரு பக்கத்தில் 'ஆம்' என்றும் மறுபக்கத்தில் 'இல்லை' என்றும் எழுதியிருக்கிறது. உடையின் நிறங்களும் அதே கறுப்பு வெள்ளைதான். ஊரைக் காக்கும் நிறமும் ஊரை அறுக்கும் நிறமும் ஒன்று என்று ஓவியர் சொல்லிவிட்டார். அந்த ஊரில் வீடுகள் இடிபடுகின்றன. வேலை நடக்கும் ஒரே பட்டறை, ஆயுதம் செய்பவருடையது.

அறையில் உட்கார்ந்து முடிவெடுக்கும் ஒன்பது பேரும் எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்கள் முடிவின் விளைவைப் பார்க்க வேண்டும். ஓவியரும் ஊர்ப் பணியில் இருந்தவர்தான். 1347ல் ஊர்ச் சபையில் எழுந்து அறிவார்ந்த சொற்களைப் பேசினார் என்று சபைப் பதிவு சொல்கிறது. 1344ல் ஊரின் வரி அலுவலகக் கணக்குப் புத்தகத்திற்கு மர அட்டைப் படமும் வரைந்து கொடுத்திருக்கிறார். கணக்குப் புத்தகத்துக்கும் நல்ல ஓவியரை அழைத்த ஊர் அது. அந்த அட்டைகள் சியேனாவின் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கறுப்புச் சாவு

1339ல் சியேனா இன்னொரு முடிவும் எடுத்தது. இருக்கிற பேராலயத்தைக் குறுக்குக் கூடமாக வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கவாட்டில் மிகப் பெரிய புதிய கோயிலை எழுப்புவது. புளோரன்ஸ் வாயடைத்துப் போக வேண்டும் என்பது நோக்கம். தூண்கள் எழுந்தன, முகப்புச் சுவர் எழுந்தது.

1348ஆம் ஆண்டில் கறுப்புச் சாவு எனப்படும் கொள்ளைநோய் ஊருக்குள் வந்தது. அன்யோலோ தி தூரா என்னும் நாளாகம ஆசிரியர், தம் ஐந்து பிள்ளைகளையும் தம் கையாலேயே புதைத்ததாக எழுதி வைத்திருக்கிறார். மணி அடிக்கவும் ஆள் இல்லை, அழவும் ஆள் இல்லை. ஊரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அல்லது அதற்கும் மேல் மாண்டார்கள். அம்ப்ரோஜோ லொரென்செட்டியும் அவருடைய சகோதரர் பியெத்ரோவும் அந்த ஆண்டிலேயே இறந்ததாகக் கருதப்படுகிறது. கோயில் வேலை நின்றது. கட்டிய பகுதியின் தூண்களும் பாரம் தாங்காதவை என்று தெரிந்தது. 1357ல் திட்டமே கைவிடப்பட்டது. முடியாத அந்த முகப்புச் சுவர், கூரை இல்லாமல், வானத்தைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது.

அதே 1357ல்தான் இன்னொரு காரியமும் நடந்தது. நிலத்தைத் தோண்டியபோது ஒரு பழைய வீனஸ் சிலை கிடைத்திருந்தது. கிரேக்கச் சிற்பி லிசிப்பஸ் செதுக்கியது என்று நம்பினார்கள். ஊரே கொண்டாடி அதை மகிழ்ச்சி ஊற்றின் மேல் வைத்தது. நோயும் தோல்வியும் வந்த பிறகு, இந்த அந்நியத் தெய்வத்தின் சிலையால்தான் எல்லாத் துன்பமும் என்று சபையில் பேச்சு எழுந்தது. சிலை இறக்கப்பட்டது. அதை உடைத்து, துண்டுகளைப் புளோரன்ஸ் எல்லைக்குள் புதைத்தார்கள், கெட்ட நேரம் அவர்களுக்குப் போகட்டும் என்று. இந்தச் செய்தியை எழுதி வைத்தவர் புளோரன்ஸ் சிற்பி கிபெர்ட்டி. அவர் பார்த்தது அந்தச் சிலையை வரைந்த ஓர் ஓவியத்தை மட்டும். வரைந்தவர் அம்ப்ரோஜோ லொரென்செட்டி.

துன்பத்திற்கு யாரையாவது காரணம் காட்ட வேண்டும் என்ற தவிப்பு, சிலையோடு நின்றால் இழப்பு கல்லோடு போகும். மனிதர் மேல் திரும்பினால் என்ன ஆகும் என்பதையும் அந்தச் சதுக்கம் பார்த்தது. 1799ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அரெஸ்ஸோ நகரிலிருந்து வந்த கிளர்ச்சிக் கும்பல், 'மரியா வாழ்க' என்று முழங்கிக்கொண்டு யூதர் குடியிருப்புக்குள் புகுந்தது. 13 யூதர்களின் உடல்கள் காம்போ சதுக்கத்தில் எரிந்தன. விளக்கேந்தி ஓவியத்தை வரவேற்ற ஊரில், அதே அன்னையின் பெயரால் இதுவும் நடந்தது. அன்னையின் ஊர் என்ற கதையைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது.

நோயைவிடக் கொடியது

ஒன்பதின்மரின் ஆட்சி நோயால் விழவில்லை. தாங்கள் கூடிய அறையின் சுவரில் எல்லாரும் கயிற்றைப் பிடிப்பதாக வரையச் சொன்னவர்கள், தங்கள் குழுவில் பிரபுக்களுக்கும் இடம் கொடுக்கவில்லை, கைத்தொழிலாளிகளுக்கும் இடம் கொடுக்கவில்லை. 1355ல் நான்காம் சார்லஸ் மன்னர் ஊருக்கு வந்த நேரத்தில் அந்த இரு சாராரும் சேர்ந்து எழுந்தார்கள், ஆட்சி கவிழ்ந்தது. அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் கட்சி மாறி, குழு மாறி, ஒருவரை ஒருவர் ஊரைவிட்டு விரட்டினார்கள். இடையில் 1427ல் புனித பெர்னார்தினோ காம்போ சதுக்கத்தில் நாள்தோறும் பிரசங்கம் செய்தார். அரண்மனைச் சுவரில் இருக்கும் அமைதியையும் போரையும் நினைத்துப் பாருங்கள் என்று அவர் மக்களுக்கு எடுத்துச் சொன்னார்.

1554ல் ஸ்பானியப் படையும் புளோரன்சின் படையும் சேர்ந்து ஊரை முற்றுகையிட்டன. சியேனா மறுபடியும் சாவிகளை அன்னைக்கு ஒப்படைத்தது. உணவு தீர்ந்தது. 'வீண் வாய்கள்' என்று சொல்லி, முதியவர்களையும் ஏழைகளையும் பிள்ளைகளையும்கூட மதிலுக்கு வெளியே அனுப்பினார்கள். தாயின் கனவில் குழந்தைகளை ஏணியில் ஏற்றிய ஊர் அது. 1555 ஏப்ரலில் சரணடைந்தது. குடியரசு முடிந்தது. புளோரன்சின் மெதிச்சி குடும்பம் அதை எடுத்துக்கொண்டது. ஏழையாகிப் போனதால் பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டச் சியேனாவுக்குப் பணம் இல்லை. இன்று உலகம் வந்து பார்க்கும் இடைக்கால நகரம் அப்படியே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதினேழு பேட்டைகள்

ஆட்சி போனது, செல்வம் போனது. எஞ்சியவை பேட்டைகள். சியேனாவில் 17 பேட்டைகள் உண்டு. காண்ட்ராடா என்று பெயர். ஆமை, நத்தை, ஆந்தை, கம்பளிப்புழு, ஒட்டகச்சிவிங்கி, பெண் ஓநாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம். அவற்றின் எல்லைகளை 1730ல் ஆளுநர் வியோலாந்தே வரையறுத்தார். ஒவ்வொரு பேட்டைக்கும் தனிக் கோயில், தனி ஊற்று, தனிக் கொடி. பிள்ளை பிறந்தால் தேவாலயத்தில் ஞானஸ்நானம் தவிர, பேட்டை ஊற்றிலும் ஒரு சடங்கு உண்டு.

ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில் காம்போ சதுக்கத்தில் மண் கொட்டி, பாலியோ என்னும் குதிரைப் பந்தயம் நடக்கிறது. ஒரு தடவைக்குப் பத்துப் பேட்டைகள்தான் ஓட முடியும். எந்தக் குதிரை யாருக்கு என்பது குலுக்கல். சேணம் கிடையாது. மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்திற்குள் முடிந்துவிடும். ஓட்டுபவர் விழுந்துவிட்டாலும், குதிரை மட்டும் முதலில் வந்தால் வெற்றிதான். பரிசு, அன்னையின் உருவம் தீட்டிய ஒரு பட்டுக் கொடி, பணம் இல்லை. குதிரைகள் அடிபட்டு இறந்ததும் உண்டு. விலங்கு நல ஆர்வலர்கள் கடுமையாகக் கண்டித்ததால், ஆபத்தான வளைவில் மெத்தைகள் வைப்பது உள்ளிட்ட பாதுகாப்புகள் வந்திருக்கின்றன. விவாதம் இன்னும் ஓயவில்லை.

பேட்டைகளுக்குள் பழைய பகை உண்டு. ஆனால் பகையைத் தீர்த்துக்கொள்ள ஆண்டுக்கு இரண்டு நாளும் ஒரு சதுக்கமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 1989க்குப் பிறகு வெற்றியையே பார்க்காத பெண் ஓநாய்ப் பேட்டை, 27 ஆண்டு காத்திருந்து 2016 ஜூலையில் வென்றது; அடுத்த மாதமும் வென்றது. மற்ற நாட்களில் பேட்டை என்பது விருந்து, முதியவர் கவனிப்பு, பிள்ளைகளுக்கு மேளமும் கொடி வீச்சும் கற்பித்தல். கட்சிச் சண்டையால் அழிந்த ஊர், சண்டையை முற்றாக ஒழிக்க முடியாது என்று அறிந்து, அதற்கு ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறது.

2020ல் கொரோனா வந்தபோது 1945க்குப் பிறகு முதன்முறையாக அந்த ஆண்டுப் பாலியோ ரத்தானது, 2021லும் நடக்கவில்லை. 2020 மார்ச்சில், வெளியே வர முடியாத மக்கள் இரவில் ஜன்னல்களைத் திறந்து, தங்கள் ஊர்ப் பாட்டை ஒருவருக்கொருவர் முகம் தெரியாமல் சேர்ந்து பாடினார்கள். வெறிச்சோடிய தெருவில் எழுந்த அந்தக் குரல்களை உலகமே கேட்டது. 672 ஆண்டுகளுக்கு முன் இதே சந்துகளில் மணி அடிக்கவும் ஆள் இல்லாமல் போயிருந்தது.

எல்லா ஊருக்கும் கதை உண்டு. இல்லாத ஆற்றின் கதை சியேனாவுக்குத் தண்ணீர் தந்தது. ஒரு தாயின் கனவு அநாதைக்குப் பால் தந்தது. அந்நியச் சிலையின் கதை ஒரு கலைப் படைப்பை உடைத்தது. 'வீண் வாய்கள்' என்ற ஒரு சொல், பிள்ளைகளை மதிலுக்கு வெளியே தள்ளியது. நல்ல கதை எது, தீய கதை எது என்று தெரிந்துகொள்ள, அது யாரை உள்ளே சேர்க்கிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்று பார்த்தால் போதும். லொரென்செட்டியின் சுவரில் அந்த 24 பேரை யாரும் கயிற்றால் கட்டவில்லை. அவர்களாகவே பிடித்திருக்கிறார்கள். விட்டுவிடவும் அவர்களால் முடியும்.